டீயில் தொடக் கூடாத பொறை

ஒரு பல்கலைக்கழகத்தின் ஆறு வருட ஆராய்ச்சியின் மேல் நான் உட்கார்ந்தபோது "மொறுக்" என்று சத்தம் கேட்டது.

ஒரு சத்தம் என்று சொன்னால் ஆராய்ச்சியைக் குறைத்து மதிப்பிட்டதாகிவிடும். முதலில் பெரிதாக ஒரு மொறுக். பிறகு பஸ் பள்ளத்தில் இறங்கி ஏறும்போதெல்லாம் சின்னச் சின்னதாகப் பல மொறுக்குகள்.

தப்பு முழுக்க என்னுடையதுதான். உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டில் மானாம்பதி வண்டி வந்து நிற்பதற்குள் ஜன்னல் வழியாக எதையாவது போட்டு இடம் பிடிக்காவிட்டால், ஊர் வரை ஒற்றைக்காலில் நிற்க வேண்டியதுதான். துண்டு போடுவார்கள், பை போடுவார்கள். அன்றைக்கு ஒருவர் ஒற்றைச் செருப்பைப் போட்டுவிட்டு மற்றொன்றோடு ஏறினார். என் கையில் இருந்தது ஓர் அட்டைப்பெட்டி. அதைப் போட்டேன். கூட்டத்தோடு இடித்துப் பிடித்து ஏறி, என் ஜன்னலைக் கண்டுபிடித்தேன். பின்னாலிருந்து ஒரு கீரைக்கூடை முதுகைத் தள்ளியது. இடம் பிடித்த பெருமிதத்தில் திரும்பிக்கூடப் பார்க்காமல் உட்கார்ந்துவிட்டேன்.

பக்கத்து சீட்டுப் பெரியவர் எனக்கு அடியில் எட்டிப் பார்த்தார்.

"இன்னா சார், அப்பளமா?"

"இல்லைங்க. பொறை."

"பொறைதானே? வுடு சார். டீல தொட்டா எப்டியும் கரையப்போற பொருளுதான்."

அவர் ஆறுதலாகத்தான் சொன்னார். ஆனால் உலகத்திலேயே டீயில் தொடக் கூடாத பொறை அது ஒன்றுதான் என்பது அவருக்கு எப்படித் தெரியும்?

என் பெயர் புருஷோத்தமன். சொந்த ஊர் சாலவாக்கம். ஒரு பல்கலைக்கழகத்தின் உணவு, ஊட்டச்சத்துத் துறையில் வேலை. அங்கே விஞ்ஞானிகள் புதுப்புதுத் தின்பண்டங்களைக் கண்டுபிடிப்பார்கள். அவற்றைத் தயாரித்து விற்க ஒரு முதலாளியை நான் கண்டுபிடிக்க வேண்டும். இரண்டில் எது கஷ்டம் என்று என்னைக் கேட்டால் சொல்வேன். நான் இதுவரை தூக்கிக்கொண்டு அலைந்த பாகற்காய் ஜாமும் வாழைப்பூ சூப் பொடியும் எங்கள் ஆபீஸ் கண்ணாடி அலமாரியில் பத்திரமாக இருக்கின்றன. பெரிய மனிதர்கள் யாராவது பார்வையிட வந்தால் துடைத்து வைப்போம்.

பொறை, டாக்டர் ஞானசுந்தரி மேடத்தின் கண்டுபிடிப்பு. வயல் வேலைக்குப் போகும் பெண்களுக்குப் பல நாள் காலை நாஷ்டாவே ஒரு டீயும், ரஸ்க் மாதிரி காய்ந்த இரண்டு பொறையும்தான். அவர்களில் பலருக்கு ரத்தத்தில் இரும்புச்சத்து போதாது. அந்தச் சத்தைப் பொறைக்குள்ளேயே வைத்துவிட்டால் என்ன என்று மேடம் யோசித்தார். கேழ்வரகு, முருங்கைக்கீரை, வேர்க்கடலை எல்லாம் சேர்த்து, வருடக்கணக்கில் சுட்டுச் சுட்டுப் பார்த்து, பச்சை நிறத்தில் ஒரு பொறை செய்தார். நல்ல பொறை. ஒரே ஒரு சிக்கல். டீயில் இருக்கும் துவர்ப்பு, இரும்புச்சத்தை உடம்பில் சரியாகச் சேர விடாது. ஆகவே உறையின் மேல் கொட்டை எழுத்தில் அச்சடித்துவிட்டார்: 'டீ, காபியுடன் சாப்பிடக் கூடாது.'

குடையை விற்றுவிட்டு, மழையில் விரிக்காதே என்று சொல்வது போலத்தான்.

"மேடம், பொறைங்கறதே டீக்காகத்தான்..." என்று ஒருமுறை இழுத்துப் பார்த்தேன்.

"பழக்கத்தை மாத்தணும் புருஷோத்தமன். அதுக்குத்தானே நீங்க இருக்கீங்க," என்றார்.

ஆனாலும் எனக்கு மேடத்தைப் பிடிக்கும். மாதக் கடைசியில் அவருக்கு ஓய்வு. முகம் தெரியாத யாரோ ஒரு பெண் ஏதோ ஒரு கடையில் தன் பொறையைக் கடிப்பதைப் பார்த்துவிட்டுப் போக வேண்டும் என்பதைத் தவிர, வேறு ஆசை எதையும் அவர் சொல்லி நான் கேட்டதில்லை. நாளைக்குத் துறையில் குழு கூடுகிறது. அதற்குள் தயாரிக்க ஆள் கிடைக்காத கண்டுபிடிப்புகள் எல்லாம் அலமாரிக்குப் போய்விடும். பாகற்காய் ஜாமுக்குப் பக்கத்தில் இடம் காலியாகத்தான் இருந்தது.

கிடைக்கக்கூடிய ஒரே ஆள், மானாம்பதியில் விறகு அடுப்பில் பொறை சுடும் பேக்கரிக்காரர் தாண்டவராயன்.

பொங்கல் முடிந்த கையோடு அவரைப் பிடித்தேன். இப்போது ஆடி. இடையில் அவர் ஒரு தடவைகூட 'முடியாது' என்று சொல்லவில்லை. எங்கள் பக்கத்தில் அந்தச் சொல் புழக்கத்தில் இல்லை. 'பாக்கலாம்' என்றால் பார்க்க மாட்டார்கள். 'கண்டிப்பா பாக்கலாம்' என்றால் கண்டிப்பாகப் பார்க்க மாட்டார்கள். 'வூட்ல கேட்டு சொல்றேன்' என்றால், இனி இந்தப் பக்கம் வராதே என்பதை மரியாதையாகச் சொல்கிறார்கள். தாண்டவராயன் மூன்றையும் மாற்றி மாற்றிச் சொன்னார். மூன்றாவதைத்தான் அதிகம் சொன்னார். நானும் சாலவாக்கத்துக்காரன்தானே, அர்த்தம் புரிந்தது. இருந்தும் போய்க்கொண்டே இருந்தேன். வெட்கம் பார்த்தால் இந்த வேலைக்கு ஆகாது.

போன வாரம் அவரே இறங்கி வந்தார். "களையெடுக்கிற பொம்பளைங்கோ நம்ம கடைக்குத்தான் டீக்கு வருவாங்கோ. அவங்களுக்குக் குடுத்துப் பாரு சார். அவங்கோ நல்லா துன்னுட்டாங்கன்னா, அன்னிக்கே ஒரு முடிவு சொல்லிட்றேன்."

அந்த 'அன்னிக்கே' இன்றைக்குத்தான். அந்தப் பொறைதான் எனக்கு அடியில் மொறுமொறுத்துக்கொண்டு வந்தது.

பேக்கரியில் பெட்டியைத் திறந்தேன். முழுசாக ஒன்றுகூட இல்லை. கொஞ்சம் பாதிகளாகவும் மீதி எல்லாம் தூளாகவும் இருந்தன. தாண்டவராயன் குனிந்து பார்த்தார்.

"இன்னா சார் இது? போன தபா குடுத்தது உருண்டையா இருந்திச்சி?"

"இது... புது டிசைன்ணா."

போன் அடித்தது. மேடம்.

"புருஷோத்தமன், நான் கிளம்பிட்டேன். இன்னிக்கு நானே நேர்ல பாக்கணும்னு ஆசையா இருக்கு. பொறை பத்திரமா?"

"பத்திரம் மேடம். எல்லாம் பெட்டிக்குள்ளதான் இருக்கு."

பொய் இல்லை. ஒரு துகள்கூட வெளியே போகவில்லை.

எனக்குத் தொண்டை வறண்டுவிட்டது. உள்ளே, தாண்டவராயனின் மனைவி கீதா அக்கா பன்களை உறையில் போட்டு ஒட்டிக்கொண்டிருந்தார். எப்போது போனாலும் அந்த மூலையில்தான் இருப்பார். வேலையிலிருந்து தலையை நிமிர்த்தி நான் பார்த்ததில்லை.

"அக்கா, கொஞ்சம் தண்ணி."

சொம்பு வந்தது. குடித்துவிட்டு, பாதிகளாக இருந்த பொறைகளைப் பொறுக்கி ஒரு தட்டில் அழகாக அடுக்கினேன். உடைந்த பக்கம் உள்ளே இருக்கும்படி வைத்தால் முழுசு போலவே தெரிந்தது, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தால்.

களையெடுக்கும் செங்கேணியும் அவள் கூட்டமும் வந்துவிட்டார்கள். களைக்கொட்டை ஓரமாக வைத்துவிட்டு, செங்கேணி தட்டைப் பார்த்தாள்.

"இன்னா சார், எங்களுக்கு ஓசிப் பொறையாமே?"

"ஓசி இல்லம்மா, ஆராய்ச்சி."

"துட்டு வாங்கலன்னா ஓசிதான் சார். ஏன் பச்சையா கீது? பூஞ்சை புட்ச்சிப்போச்சா?"

"முருங்கைக்கீரைம்மா."

"அய்ய! எங்க வூட்டு ஆளு கொழம்புல போட்டாலே மூஞ்சத் திருப்பிக்கும். நீங்க பொறையில போட்டுக்கினு வந்து கீறீங்களா?" என்று சிரித்தாள் பக்கத்திலிருந்த சொக்கம்மாள்.

டீ மாஸ்டர் தாமோதரன் கண்ணாடி கிளாஸ்களை வரிசையாகக் கொண்டுவந்து வைத்தார். செங்கேணி ஒரு பாதியை எடுத்தாள். முகர்ந்தாள். பிறகு, பொறை கையில் கிடைத்த எந்த மனிதரும் என்ன செய்வாரோ அதைச் செய்யப் போனாள்.

"டீல தொடாதீங்க!"

கரண்ட் கம்பியைத் தொடப்போகும் குழந்தையைப் பார்த்துக் கத்துவது போல நான் கத்திவிட்டேன். செங்கேணியின் கை அப்படியே நின்றது. அதிர்ச்சியில் பொறை மட்டும் கிளாஸுக்குள் விழுந்தது.

"ஏன் சார், டீல இன்னா கீது?"

"ஒண்ணும் இல்லம்மா. டீயோட சாப்பிடக் கூடாது."

"சாப்ட்டா இன்னா ஆவும்?"

"ஒடம்புல சேராதும்மா."

என் வாயிலிருந்து புறப்பட்டபோது அது அறிவியல். பெஞ்சின் அந்தக் கோடிக்குப் போவதற்குள் அது வேறு ஏதோ ஆகிவிட்டது. பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு கிளாஸ்களைக் கீழே வைத்தார்கள். இதை அப்போதே கவனித்திருக்க வேண்டும். நானோ, டீ கண்ணுக்கு எதிரில் இருப்பதால்தான் சங்கடம், டீயே இல்லாவிட்டால் பொறையை வெறுமனே சாப்பிடுவார்கள் என்று கணக்குப் போட்டேன்.

"மாஸ்டர், கொஞ்ச நேரத்துக்கு டீ போடாதீங்க. அடுப்ப அணைச்சிடுங்க."

தாமோதரன் என்னை ஒரு பார்வை பார்த்தார். கையில் இருந்த டீ வடிகட்டியை மெதுவாக மேசையில் வைத்தார். அடுப்பை அணைத்தார். தோளில் இருந்த துண்டை எடுத்து உதறினார்.

"எங்க மாமியாகூட என் டீய கொற சொன்னதில்ல சார்," என்றார்.

அடுப்பு அணைந்த சத்தம் ரோட்டின் எதிர்ப்பக்கம் வரை கேட்டிருக்க வேண்டும். பஸ்ஸுக்கு நின்றிருந்தவர்கள் திரும்பினார்கள். யாரோ யாரிடமோ சொன்னார்: "யூனிவர்சிட்டிலர்ந்து ஆபீசர் வந்து டீய டெஸ்ட் பண்ணிக்கினு கீறாராம்." அது ஆட்டோ ஸ்டாண்டுக்குப் போய்ச் சேரும்போது, "தாண்டவராயன் கடை டீல இன்னாவோ கலக்குறாங்களாம், அடுப்பயே அணைக்கச் சொல்ட்டாங்கோ," என்று ஆகியிருந்தது. கடை வாசலில் நின்று குடித்துக்கொண்டிருந்த ஒருவர் மீதி டீயைத் தரையில் ஊற்றினார். ஒரு நாய் வந்து அதை முகர்ந்துவிட்டு, குடிக்காமல் போயிற்று. அந்த நாய்க்கு டீ பிடிக்காது என்பதை யார் நம்பப் போகிறார்கள்?

"பாத்தியா, நாயே குடிக்கல!" என்றது கூட்டம்.

தாண்டவராயன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடி வந்தார்.

"இன்னா சார் பேஜாரு பண்ணி வச்சிட்ட! எங்க நைனா காலத்துக் கடை. இதுவரைக்கும் ஒரு ஈ வுழுந்துச்சின்னு எவனும் சொன்னதில்ல!"

"நான் ஒண்ணுமே சொல்லலண்ணா. டீ நல்ல டீதான்!"

"அத்த என்னாண்ட சொல்லி இன்னா புண்ணியம்? அதோ நிக்கிறாங்க பாரு, அவங்களாண்ட சொல்லு!"

பெஞ்சின் மேல் ஏறி நின்று, "டீ நல்ல டீதான்!" என்று கத்தினேன்.

"நல்ல டீன்னா நீ குடி!" என்று கூட்டத்திலிருந்து ஒரு குரல்.

வேறு வழி? அடுப்பை மறுபடி பற்றவைக்கச் சொன்னேன். தாமோதரன் தன் மானம் முழுவதையும் திரட்டி, தார் மாதிரி ஒரு டீ போட்டார். எல்லோரும் பார்க்கக் குடித்துவிட்டு, கிளாஸைக் கவிழ்த்துக் காட்டினேன்.

"ஒண்ணுல இன்னா தெரியும்? இன்னொண்ணு குடிக்கட்டும்."

குடித்தேன். இன்னொன்று கேட்டார்கள். அதையும் குடித்தேன். நாக்கு வெந்து, கண் இரண்டும் பிதுங்கி, மானாம்பதியின் மானம் காக்கும் ஒரே மனிதனாக நின்றுகொண்டிருந்தேன்.

"வெறும் டீ குடிச்சா ஆச்சா?" என்றார் ஆட்டோக்காரர் ஒருவர். "டீல பொறைய தொட்டா ஒடம்புல சேராதுன்னியாமே? அத்தத் தொட்டு துன்னு காட்டு!"

ஊர் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்கிறது. தாண்டவராயன் கெஞ்சுவது போலப் பார்க்கிறார். தட்டிலிருந்து ஒரு பச்சைப் பாதியை எடுத்தேன். டீயில் முக்கினேன். வாயில் போட்டேன். உண்மையைச் சொல்ல வேண்டும், அபாரமாக இருந்தது. இரண்டாவதையும் முக்கி, வாய் நிறைய வைத்துக்கொண்டு, கையைத் தூக்கிக் கூட்டத்துக்குக் காட்டினேன். கைத்தட்டல் கேட்டது.

அந்தக் கைத்தட்டலுக்கு நடுவில் ஒரு வெள்ளைக் கார் வந்து நின்றது. கதவு திறந்தது.

"புருஷோத்தமன்?"

பதில் சொல்ல வாய் காலியாக இல்லை. வாயில் அவருடைய ஆராய்ச்சி இருந்தது.

"டீல தொட்டு சாப்பிடறீங்க," என்றார் மேடம். கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை. தன் வீட்டுக்குள் தானே வழி தவறிவிட்ட மாதிரி ஒரு குரலில் சொன்னார். "நீங்களேவா?"

பெஞ்சிலிருந்து இறங்கினேன். விழுங்கினேன். "மேடம், அது ஒரு பெரிய கதை..."

"பெட்டி எங்க?"

பெட்டி வைத்த இடத்தில் இல்லை. உள்ளே ஓடினேன். பேக்கரியின் உள்கூடத்தில், பெரிய அலுமினியத் தட்டைச் சுற்றிப் பெண்கள் குந்தி உட்கார்ந்திருந்தார்கள். தட்டு நிறையப் பச்சைத் தூள். அதன் மேல் பொடியாக நறுக்கிய வெங்காயம், பச்சை மிளகாய், கொத்தமல்லி. செங்கேணி ஓர் எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து கையால் கிளறிக்கொண்டிருந்தாள்.

"என்ன பண்றீங்க!" என்றேன். நாக்கு இன்னும் எரிந்தது. "அக்கா, தண்ணி..."

கீதா அக்கா பன் ஒட்டுவதை நிறுத்தாமல் சொம்பை என் பக்கம் நகர்த்தினார்.

"இன்னா பண்ணச் சொல்ற சார்?" என்று செங்கேணி எகிறினாள். "டீய குடிக்காதன்ன. சரி, வெறும் பொறைய துன்னலாம்னு பெட்டியத் தொறந்தா எல்லாம் தூளு. அத்த அப்டியே போட்டா மேல் வாயில ஒட்டிக்கினு வர்ல. பசி இன்னா உன் ஆராய்ச்சி முடியற வரைக்கும் நிக்குமா? அதான் பொரி மாரி கலந்துட்டேன்."

எனக்குப் பின்னால் மேடம் நின்றுகொண்டிருந்தார். தட்டைப் பார்த்தார். பொடியாகக் கிடந்த தன் பொறைகளைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டு பார்த்தார். அப்போதும் அது தூளாகவே இருந்தது.

"நீங்கதான் இத்த செஞ்சவங்களா?" என்றாள் செங்கேணி. "நின்னுக்கினே இன்னா பாக்கறீங்க? குந்துமா. கைய நீட்டு."

மேடம் கையை நீட்டினார். ஒரு பிடி விழுந்தது. வாயில் போட்டு மென்றார். நான் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டேன்.

"எலுமிச்சம்பழம் பிழிஞ்சீங்களா?"

"ஆமாம்மா. இல்லன்னா சப்புன்னு கீது. தப்பா?"

"தப்பா!" மேடத்தின் குரல் உடைந்தது. "எலுமிச்சம்பழம் சேர்ந்தா இரும்புச்சத்து இன்னும் நல்லா ஒடம்புல சேரும்மா!" பிறகு, பயந்துகொண்டே கேட்பவர் போல, "இதுக்கு மேல டீ வேணுமா உங்களுக்கு?" என்றார்.

"புளிப்பு துன்னுட்டு டீ குடிச்சா வாயி இன்னாத்துக்காவும்? அப்பால பொழுது சாஞ்சி குடிச்சிக்கிறோம்."

மேடம் அங்கேயே, கட்டியிருந்த பட்டுப்புடவையோடு, தரையில் உட்கார்ந்துவிட்டார். சொக்கம்மாள் தட்டில் கைவிட்டு இரண்டாவது பிடி எடுத்தாள். மூன்றாவதாகவும் எடுத்தாள். மேடம் அந்தக் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆறு வருஷமா இத எத்தனையோ பேருக்குக் குடுத்திருக்கேன் புருஷோத்தமன். எல்லாரும் நல்லா இருக்குன்னு சொன்னாங்க. ரெண்டாவது தடவை யாரும் எடுத்ததில்ல," என்றவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "மிளகாய் காரம்."

"கொஞ்சம் தூக்கலாத்தான் பூட்ச்சி," என்று ஒப்புக்கொண்டாள் செங்கேணி.

அப்புறம்தான் மேடத்துக்குத் தான் ஒரு விஞ்ஞானி என்பது ஞாபகம் வந்தது. ஒரு துகளை விரலில் எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார்.

"மிக்ஸில அடிச்சா மாவாயிடும். இது ஒரே அளவா, மொறுமொறுப்பு போகாம நொறுங்கியிருக்கு. எப்படிச் செஞ்சீங்க? என்ன முறை?"

"பஸ்ல மேடம்."

"பஸ்லயா?"

"மேல உட்கார்ந்துட்டேன் மேடம். உத்திரமேரூர்லேர்ந்து."

மேடம் என்னை மேலிருந்து கீழ் வரை ஒருமுறை அளந்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன்.

"உங்க எடை எவ்வளவு?" என்றார்.

சிரித்தது முதலில் தாண்டவராயன்தான். அப்புறம் கூடமே சிரித்தது. வெளியே கூட்டம் எட்டிப் பார்த்தது. 'உள்ள இன்னாவோ துன்றாங்கோ' என்ற செய்தி இந்தத் தடவை உருமாறாமலே ஆட்டோ ஸ்டாண்டுக்குப் போய்ச் சேர்ந்தது. காகிதத்தில் மடித்துக் கொடுக்க ஆரம்பித்தாள் செங்கேணி. என்னைக் குடிக்கச் சொல்லி மிரட்டிய ஆட்டோக்காரர் வரிசையில் முதலில் நின்றார். தட்டு துடைத்த மாதிரி ஆகிவிட்டது. தாமோதரனின் டீயும் மறுபடி விற்க ஆரம்பித்தது. குடித்து உயிரோடு இருக்கும் ஆளாக நான் கடை வாசலில் நின்றதே நல்ல விளம்பரம் என்று அவர் என்னை மன்னித்துவிட்டார்.

இனி என்ன? சாப்பிட்டாயிற்று, பிடித்துவிட்டது, கேட்டு வாங்கித் தின்றாயிற்று. பையிலிருந்து ஒப்பந்தத்தை எடுத்தேன். மேசையில் இருந்த மாவைத் துடைத்துவிட்டு விரித்தேன். பேனாவைத் திறந்து தாண்டவராயனிடம் நீட்டினேன்.

"அண்ணா, நீங்க சொன்ன மாதிரியே சாப்பிட்டுட்டாங்க. இப்ப சொல்லுங்க."

தாண்டவராயன் பேனாவைப் பார்த்தார். மேடத்தைப் பார்த்தார். சிரித்தார்.

"பண்ணிக்கலாம் சார்."

"பண்ணிக்கலாம்னா, கையெழுத்து?"

"ஆடி மாசமாச்சே சார். ஆடில புச்சா எதுவும்..."

"நாளைக்குக் குழு கூடுதுங்க," என்றார் மேடம் மெதுவாக. "நாளைக்கு விட்டா இது அப்படியே நின்னுடும்."

தாண்டவராயனின் நெற்றியில் வேர்த்தது. வேட்டி நுனியால் துடைத்துக்கொண்டார். உள்பக்கம் ஒருமுறை பார்த்தார். காலால் தரையைக் கீறினார்.

"வூட்ல கேட்டு சொல்லிட்றேம்மா."

மேடம் வெளியூர்க்காரர். பாவம், அவருக்கு அர்த்தம் தெரியாது. "தாராளமா கேட்டுச் சொல்லுங்க," என்று அவர் புன்னகை செய்தார். அந்தப் புன்னகையைப் பார்த்ததும் எனக்குள் என்னவோ அறுந்துவிட்டது. ஆபீஸில் பேசும் தமிழ் போய், சாலவாக்கத்துத் தமிழ் தானாக வந்தது.

"யண்ணா! பொங்கல்லர்ந்து வூட்ல கேட்டுக்கினே கீறியே, ஒரு மனுசன எத்தினி தபாதான் அலைய வுடுவ? புடிக்கலன்னா புடிக்கலன்னு சொல்லு, நான் போயி அலமாரியத் தொடச்சி வச்சிக்கினு இவங்கள அனுப்பி வெக்கிறேன். எடுத்துக்கிறியா, இல்லியா? ஆமாவா, இல்லவா? இந்த ஊர்ல யாராச்சும் ஒருத்தர் எனக்கு நேரா ஒரு பதில் சொல்ல மாட்டீங்களா?"

தாண்டவராயன் மறுபடி உள்பக்கம் பார்த்தார். செங்கேணி வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு சிரிப்பை அடக்கினாள். ஏன் சிரிக்கிறாள் என்று எனக்குப் புரியவில்லை.

பன் ஒட்டும் சத்தம் நின்றது. கீதா அக்கா எழுந்து வந்தார். கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, என் கையிலிருந்த பேனாவை வாங்கினார்.

"எடுத்துக்கறேன் சார். பேக்கரி எம் பேர்ல கீது, கையெழுத்து நான்தான் போடணும். 'வோணுங்கிறவரு வந்து என்னக் கேக்கட்டும்'னு பொங்கல்லர்ந்து இவராண்ட சொல்லிக்கினு கீறேன், நீங்க வந்து வந்து தண்ணிதான் கேட்டீங்க."